விராலா, கொடுவாவா?

ஏரியில் வெயில் சாய்ந்துகிடக்கிறது. ஏதோ மீன் மாட்டி, தையல்காரரின் தூண்டில் வில்லாக வளைந்து நிற்கிறது. பக்கத்தில் அவருடைய அத்தான், பல் டாக்டர், இந்த ஏரியில் தூண்டிலை இப்படி வளைப்பது எந்த மீன் என்ற பழைய பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். “விரால்தான், மாப்ளே! பாசிக்குள்ள பதுங்கியிருந்து தவளையை ஒரே கவ்வு. அந்தப் பல்லைப் பார்த்திருக்கியா? என்ன வரிசை!” டாக்டருக்குப் பல்லில்லாத உயிர்மேல் மரியாதை கிடையாது. “கொடுவாதான், அத்தான். துள்ளித் தலையை உதறுச்சுன்னா செவுள் மூடியே கத்திரிக்கோலாட்டம் தூண்டில் நரம்பை வெட்டிடும்,” என்கிறார் தையல்காரர், தன் தொழிலுக்கே பட்டம் சூட்டுவதுபோல. ஆனால் மீன் மேலே வந்துவிட்டால், இத்தனை வருஷம் பேசிய இருவரில் ஒருவர் ஆயுளுக்கும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பயத்தில் தையல்காரரின் விரல்கள் நரம்பைச் சுற்றாமல் நிற்கின்றன. டாக்டரும் “இழு” என்று சொல்லக் காணோம். தண்ணீர் ஒருமுறை குமிழியிடுகிறது, நரம்பு தொய்கிறது. “அடடா, போச்சே!” என்கிறார் டாக்டர், முகமெல்லாம் மலர. இவ்வளவு நிம்மதியாக யாரும் மீனைக் கோட்டைவிட்டிருக்க மாட்டார்கள். குடைக்கடியிலிருந்து டாக்டரின் மனைவியான அக்கா, “அப்ப இன்னைக்கும் முட்டைதானா?” என்கிறாள். “முட்டையே போதும்க்கா,” என்கிறார் தையல்காரர். அவர் புது முள் கட்ட, அத்தான் நரம்பை அன்பாகப் பிடித்துக்கொடுக்கிறார்.