கோயிலில் மாறிய செருப்பு

குண்டு வெடித்த பாலத்தடியில் கிடந்த ஒற்றைச் செருப்போடு சிப்பாய்கள் வீடு வீடாக வந்து, குமர்ப்பெண்களின் காலில் போட்டுப் பார்த்தார்கள். வாரில் தான் தைத்த சிவப்பு நூலைக் கண்டதும் தவமலர் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போன அவளுடைய செருப்பு.

“காலை நீட்டு,” என்றான் ஒருவன்.

அவள் நீட்டுமுன், மீன் வெட்டிக்கொண்டிருந்த சின்னம்மா கத்தியோடு எழுந்து வந்தாள். அப்பா இரண்டாந்தாரமாகக் கட்டிய நாளிலிருந்து தவமலரிடம் முகங்கொடுத்துப் பேசாதவள்.

“அது என்ர செருப்பு,” என்று தன் பாதத்தை அதற்குள் திணித்தாள். குதிக்கால் வெளியே நின்றது.

“கால் பெரிசு,” என்று சிப்பாய் தவமலரின் பக்கம் திரும்பினான்.

“கொஞ்சம் பொறுங்கோ ஐயா,” என்ற சின்னம்மா, குனிந்து, செதில் ஒட்டிய கத்தியைத் தன் குதிக்காலில் வைத்தாள்.