டைப்பிஸ்டுக்கு நைட் ஷிப்ட்

"இன்னிக்கும் எறங்கலயே!"

டைப்பிஸ்டின் கழுத்துக்குக் கீழே மறுபடியும் தடவிப் பார்த்தாள் பழனியம்மா. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டும் அந்த உருண்டை அப்படியே இருந்தது.

டைப்பிஸ்டோ ஒன்றும் நடக்காதது போல ஒற்றைக் கண்ணால் முழித்து, சிறகை ஒரு உதறு உதறிவிட்டு, "கொக்" என்றாள். தட்டில் எதைப் போட்டாலும் டக்டக்கென்று வரி பிசகாமல் கொத்துகிற கோழி அது. பழைய மைன் ஆபீஸ் டைப்பிஸ்டின் நினைப்பில் புருஷன் கோவிந்தசாமி வைத்த பேர்.

தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேர். பிள்ளைகள் பெங்களூரில். பழனியம்மா பேசப் பேச முழுசாக நின்று கேட்கிற ஒரே ஜீவன் இந்தக் கோழிதான்.

நாலு நாளைக்கு முன்னால் அது சாக்குப் பிசிறை முழுங்கித் தொலைத்தது. தீனிப்பை கல்லாட்டம் வீங்கிவிட்டது. அலறி அடித்துக்கொண்டு மாட்டு டாக்டர் மமதாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"பர்வால்லமா, பயப்படாதீங்க. கோழிக்கு ராத்திரியில தீனிப்பை காலியாகணும். விடிஞ்சதும் தொட்டா தட்டையா இருக்கணும். அதனால பொழுது சாஞ்சா தீனி போடக் கூடாது, தண்ணி மட்டும். காலையில நாலு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டு மெதுவா நீவி விடுங்க."

வந்ததும் வராததுமாகப் புருஷனிடம் ஒப்பித்தாள். "ராத்திரியில இத யாரு பாத்துக்கறது?"

"நான் இன்னாத்துக்கு இருக்கறேன்? நைட் ஷிப்ட் என்னுது!" கோவிந்தசாமி கட்டிலைக் கோழிக் கூடைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத்தினி வருஷம் கழிச்சு ஷிப்டுக்கு ஒரு ஜோடி கெடச்சிருக்கு!"

"தீனி கீனி போட்டீங்கன்னா பாருங்க."

"ஒரு பொட்டுத் தீனி போட மாட்டேன். போதுமா?"

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அவர் உடம்பு மட்டும் இன்னும் ஷிப்ட் முடிந்து மேலே வரவில்லை. ஊரே தூங்குகிற நேரத்தில் முழிப்பு வரும், கூடவே பசியும் வரும். சர்க்கரை உடம்பாயிற்றே என்று பழனியம்மா தினமும் கோதுமை ரவை உப்புமாவை டிபன் பாக்ஸில் போட்டு வைப்பாள்.

"இத மனுஷன் தின்னுவானா?" என்று பாதியை அப்படியே திருப்பி வைக்கிற ஆள் அவர். ஆனால் இந்த நாலு நாளாக பாக்ஸ் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. கோழிக் கவலையிலும் அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

எண்ணெய் விட்டாள், நீவினாள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். தினமும் விடிந்ததும் தொட்டால் பை ரொம்பியே இருந்தது.

பக்கத்து வீட்டு ரெபேக்கா எட்டிப் பார்த்தாள். "எதுக்குக்கா இம்மாங் கஷ்டம்? நாளைக்கு ஞாயித்துக்கிழம. மசாலா நான் அரைச்சித் தரேன்."

"உன் வாய்ல மண்ணப் போட!" என்று சீறிவிட்டு, புருஷனையும் கோழியையும் ஆட்டோவில் ஏற்றினாள் பழனியம்மா.

டாக்டர் மமதா தொட்டுப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "கொண்டை செவப்பா இருக்கு, எச்சமும் சரியா இருக்கு. அன்னிக்கு கல்லாட்டம் இருந்தது, இன்னிக்கு மாவாட்டம் இருக்கு. ஆனா காலியாக மாட்டேங்குதே! ராத்திரி நெஜமா ஒண்ணும் குடுக்கலயா?"

"என் கண்ணாணையா ஒரு பருக்கை இல்ல டாக்டர்! வேணும்னா இவரையே கேளுங்க."

"தீனிய அது கண்ணுல கூட காட்டல டாக்டர்," என்றார் கோவிந்தசாமி நெஞ்சை நிமிர்த்தி.

"அப்போ அறுத்துத்தான் எடுக்கணும். பொழைக்கறது பாதிக்குப் பாதிமா."

பழனியம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. டைப்பிஸ்டை மாரோடு அணைத்துக்கொண்டாள். "அஞ்சு வருஷமா என் கூட பேசிகினு இருந்தது டாக்டர். எப்பிடியாவது காப்பாத்திக் குடுங்க."

டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கழுவிப் பார்க்கலாம் என்று மெல்லிய குழாயை விட்டு வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றினாள். கோவிந்தசாமி கோழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வந்து விழுந்தது.

டாக்டர் குனிந்து, இடுக்கியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். சாக்குப் பிசிறு எதையும் காணோம்.

"கடுகு... கடலப் பருப்பு... இது இன்னா, கருவேப்பிலையா?" நிமிர்ந்து பழனியம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா, கோழிக்கு யாரு தாளிச்சுப் போடறது?"

பழனியம்மாவின் அழுகை பட்டென்று நின்றது. மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தீனியே போடலன்னீங்க?"

"போடலதான்!" கோவிந்தசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கூட ஷிப்ட் பாக்கறவள பட்டினி போட்டுட்டு, டிபன் பாக்ஸ நான் மட்டும் எப்பிடி தொறக்கறது?"