நாலு மாசத்துக்கு ஒரு தடவை

"வந்துட்டா பாரு, சந்தேகம்," என்று முணுமுணுத்தார் மெக்கானிக்.

கடை வாசலில் தள்ளுவண்டி. அதில் சாக்கு விரித்து, படகு மோட்டாரைப் பச்சைப் பிள்ளை மாதிரி படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள் படகுக்காரர் மனைவி. 'சந்தேகம்' என்பது மெக்கானிக் அவளுக்கு வைத்த பெயர். அதே கடையில் கயிறும் ஆயிலும் விற்கும் அவர் மனைவிக்கு மட்டும்தான் அது தெரியும்.

"சர்வீஸ் பண்ணணும்ணே."

"போன மாசம்தானேம்மா பண்ணினோம்?"

"ஆமாண்ணே. இது இந்த மாசத்துக்கு."

"இதென்ன தலைமுடியா, மாசா மாசம் வெட்டி விட? நூறு மணி நேரம் ஓடினா ஒரு சர்வீஸ். உங்க வீட்டுக்காரர் காலையிலயும் சாயங்காலமும் ஆத்தைக் கடக்கிற ஓட்டத்துக்கு நாலு மாசத்துக்கு ஒரு தடவை போதும். எத்தனை தடவை சொல்றது?"

"இருக்கட்டும்ணே. பார்த்துடுங்க."

மோட்டாரை இறக்கிவிட்டு, காசையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ரெண்டு நாள் கழித்துத்தான் வந்து எடுத்துப்போவாள். ஒரு வருஷமாக இதே கதை.

அவள் தெருவைத் தாண்டினாளோ இல்லையோ, மெக்கானிக் மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டினார். வெளியே மட்டும் ஆயில் துணியால் பளபளவென்று துடைத்தார். தண்ணீர் டிரம்மில் இறக்கி ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். ஓடியது. நிறுத்தினார். சர்வீஸ் முடிந்தது.

"ஏங்க, திறந்துகூடப் பார்க்கலையே?" என்றாள் அவர் மனைவி.

"உள்ளே என்ன புதையலா இருக்கு? சும்மா சும்மா திறந்தா மூடிக்கு அடியில இருக்கிற கேஸ்கெட்தான் வீணாப் போகும். போன மாசம் நல்லா இருந்தது இந்த மாசம் கெட்டுப் போகுமா?"

"போன மாசமும் திறக்கலையே."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அப்பவும் துணிதான்."

"நீ ஆயிலை வித்தா போதும்."

"அப்புறம் எதுக்கு முழுக் காசு வாங்குறீங்க?"

"புருஷனையும் நம்பாம, மோட்டாரையும் நம்பாம அலையுறா பாரு, அதுக்கு அபராதம்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார். மனைவி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் படகுக்காரரே வந்துவிட்டார். கூடவே தள்ளுவண்டியில் மோட்டாரும், அதைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவியும். வந்ததும் வராததுமாக டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நடு ஆத்துல நின்னுடுச்சு மெக்கானிக். படகு நிறைய ஆளுங்க. வெள்ளம் வேற, இழுத்துக்கிட்டுப் போகுது. துடுப்பைப் போட்டுக் கரை சேர்க்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு. மாசா மாசம் இங்கேதானே வருது? என்னத்தைப் பார்க்கிறீங்க?"

மெக்கானிக் திறந்தார். இந்தத் தடவை நிஜமாகவே திறந்தார்.

தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கிற பம்ப்புக்குள் ரப்பர் இறக்கைகள் நார் நாராகக் கிழிந்து கிடந்தன. எஞ்சின் சூடேறி நின்றது அதனால்தான். ஒரே நாளில் இப்படிக் கிழியாது. மூடியைத் திறந்திருந்தால் தொழில் தெரியாதவன்கூடப் பார்த்திருப்பான். மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. மனைவி நின்ற பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

"இந்த ரப்பரை மாத்தினீங்களா, இல்லையா?" என்றார் படகுக்காரர்.

"அது வந்து..." என்று இழுத்தார் மெக்கானிக்.

"என் தப்புதாங்க," என்றாள் படகுக்காரர் மனைவி. "அண்ணன் மாத்தணும்னுதான் சொன்னாரு. நான்தான் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னுட்டேன்."

படகுக்காரர் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் உயிரோடு விளையாடியிருக்கிறாயே, மண்டையில் ஏதாவது இருக்கிறதா என்று தெருவே கேட்கத் திட்டினார். அவள் தலை குனிந்து நின்றாள். மெக்கானிக் சுத்தமாக இருந்த ஸ்பேனரை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். 'அந்தம்மா மேல தப்பில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன்.

திட்டி ஓய்ந்து, படகுக்காரர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?" என்றார் மெக்கானிக். "நான் அதைத் திறக்கவே இல்லம்மா."

"தெரியும்ணே. ஒரு போல்ட்டுல கூட ஸ்பேனர் பட்ட தடம் இருக்காது. அதை நான் பெரிசா எடுத்துக்கல. நாலு மாசத்துக்கு ஒரு தடவை போதும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ஒரு தடவையாவது திறப்பீங்கன்னு நம்பிட்டேன்."



"திறக்கலைன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா மாசா மாசம் தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

அவள் குழாயடிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு நெஞ்சுல கோளாறுண்ணே. ஓய்வு எடுத்தே ஆகணும், துடுப்பைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சொன்னா கேக்கிற ஆளா? மோட்டார் உங்க கடையில கிடந்தாத்தான் ரெண்டு நாளாவது வீட்டுல படுக்கிறாரு. இப்ப உங்களைக் காட்டிக் கொடுத்தா, இனிமே மோட்டாரைக் கடைப் பக்கம் விடுவாரா?"

படகுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சரி, அரை மணி நேர வேலைதானே. மாத்திக் கொடுங்க, இருந்து வாங்கிட்டே போறேன்."

"ஒரு வாரம் ஆகுங்க," என்றார் மெக்கானிக்.

"ஒரு ரப்பர் மாத்த ஒரு வாரமா? உமக்கு வேலை தெரியுமா, தெரியாதாய்யா?"

மெக்கானிக் அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

"தெரியாதுங்க."