மட்டமான சுஷி

"இதுக்குப் பேரு சுஷியா? எங்கப்பா ஜப்பான்லேருந்து பிரேசிலுக்குக் கப்பல்ல வந்து இறங்கினப்போ இதைக் கொடுத்திருந்தா, அதே கப்பல்ல திரும்பிப் போயிருப்பார்!"

மொரிகுச்சியின் குரல் உணவகம் முழுக்கக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், உட்கார இடமில்லை. ஜப்பானியர் சங்கத்து நண்பர்கள் புடைசூழ நடு மேசையில் அமர்ந்துகொண்டு, குச்சியால் சுஷியைத் தூக்கிக் காட்டினார்.

"ஜப்பான்காரன் சோத்துக்குள்ள உப்புக்கண்டம்! மேலே மரவள்ளி மாவு! கேட்டா ரெண்டு நாட்டுச் சமையலுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்காளாம் என் மருமக!"

நண்பர்கள் சிரித்தார்கள். அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜுசாராவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. அந்த மருமகள் அவள்தான். கடையும் அவளுடையதுதான்.

"மில்டன், கேட்டியா உங்கப்பா பேசுறதை?"

"அப்பா எப்பவுமே அப்படித்தான். விடு" என்றான் கணவன், தேநீர்க் கோப்பைகளை அடுக்கியபடி.

"எப்பவுமே இல்லை. எதிர்க்கடை பீட்சாக்காரனைப் பார்த்தா, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்ங்கிறார். என் கைக்கு மட்டும் விலங்கா?"

மில்டன் கோப்பைகளோடு நழுவினான். இப்படிப்பட்ட நேரத்தில் அவனுக்கு எங்கேயாவது ஒரு மேசை துடைக்க வேண்டியிருக்கும்.

ஜுசாராவின் சொந்த ஊர் பாஹியா. அங்கே அவள் அம்மா, மகள் வெந்நீர் வைத்தாலும் தெருவையே கூப்பிட்டுக் காட்டுவாள். அப்படி வளர்ந்தவள் சாவோ பாவுலோவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு, இருந்த சேமிப்பையெல்லாம் கொட்டி இந்தக் கடையைத் திறந்திருக்கிறாள். இன்னும் வருஷம் திரும்பவில்லை. திறந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் மாமனார் வருகிறார், புதுசு புதுசாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு. வந்து உட்கார்ந்ததும் அர்ச்சனையை ஆரம்பித்துவிடுகிறார்.

"பிரேசில் கறுப்பு பீன்ஸ் குழம்புல நம்ம மிசோ விழுதைக் கரைச்சிருக்கா பாருங்க! அடுக்குமா? ஏம்பா மில்டன், இன்னொரு கிண்ணம் கொண்டு வா. எவ்வளவு மோசம்னு இவங்களுக்குச் சரியாக் காட்டணும்."

பக்கத்து மேசையில் ஓர் இளம் ஜோடி. கடைக்குப் புதியவர்கள். அந்தப் பெண் மெனு அட்டையை மூடிவைத்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"வேற எங்கயாவது போயிடலாமா?"

அது ஜுசாராவின் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், ஏப்ரனை அவிழ்த்து எறிந்துவிட்டு நேராக நடு மேசைக்கு வந்து நின்றாள்.

"மாமா, உங்களுக்குப் பிடிக்கலைன்னா இனிமே இங்க வராதீங்க. வீட்டுக்குள்ள வெச்சு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, கேட்டுக்கிறேன். இது என் பிழைப்பு. வர்றவங்களை விரட்டாதீங்க."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

மொரிகுச்சி திருதிருவென்று விழித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"வரக்கூடாதா? அப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்க சாப்பிடறது?"

எதிரே இருந்த டோனா ஷிசுவே, சங்கத்தில் எல்லோரையும் அதட்டும் அம்மாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட மனுஷா! இந்தப் பொண்ணுகிட்ட நீ ஒண்ணும் சொல்லவே இல்லையா?"

"இதையெல்லாம் போய் வாய்விட்டுச் சொல்வாங்களா?" மொரிகுச்சி தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

"இப்படி உட்காரும்மா" என்று ஜுசாராவின் கையைப் பிடித்து இழுத்தாள் டோனா ஷிசுவே. "நாங்கல்லாம் எதுக்கு இங்க வந்தோம்னு நினைக்கிறே? சங்கத்துல தினமும் இவர் இந்தக் கடையைத் திட்டுறதைக் கேட்டு நாக்கு ஊறித்தான் வந்தோம்."

"திட்டினதைக் கேட்டா?"

"ஆமா. தன் வீட்டுச் சமையலை ஒருத்தன் தானே மெச்சிக்கிட்டா, எங்க ஜப்பான் ஆளுங்க மத்தியில வெக்கங்கெட்டவன்னு பேரு வாங்கிடுவான். அதனால ருசி ஏற ஏறத் திட்டும் ஏறும். இவர் திட்டுற திட்டுக்கு, என்னமோ தேவலோகச் சாப்பாடா இருக்கும்போலன்னு கிளம்பி வந்துட்டோம். பொய்யும் இல்லை. எனக்கு அந்த உப்புக்கண்டம் இன்னும் நாலு துண்டு வேணும்."

பக்கத்து மேசைப் பெண் மெனு அட்டையை மெல்லத் திறந்தாள்.

ஜுசாராவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு முள் மிச்சமிருந்தது.

"சாப்பாட்டைச் சொன்னா சரி. என்னையும் சேர்த்துத்தானே திட்டுறார்? கைப்பக்குவம் இல்லாதவ, பிடிவாதக்காரி, சொன்ன பேச்சு கேக்காதவன்னு?"

டோனா ஷிசுவே அவள் கன்னத்தைத் தட்டினாள்.

"கல்யாணமான புதுசுல எங்ககிட்ட வாய் ஓயாம உன்னைப் புகழ்வாரும்மா. தங்கமான பொண்ணு, கெட்டிக்காரி, அழகுன்னு. அதைக் கேட்டு எங்களுக்கெல்லாம் ஒரே வருத்தம், பாவம், இந்தப் பொண்ணை இன்னும் வேத்தாளாவே வெச்சிருக்காரேன்னு. எப்ப உன்னைத் திட்ட ஆரம்பிச்சாரோ, அன்னைக்குத்தான் நிம்மதியாச்சு... அப்பாடா, மகளா ஏத்துக்கிட்டார்னு!"