கிரைன் நிற்கவில்லை

மோலன்டைக் ஊர்ப்பலகை கண்ணில் பட்டதும் கிரைனின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

"போடா மாப்ள. பொண்டாட்டி வாசல்ல காத்துக்கிட்டு நிப்பா. ஒரு முத்தம் குடுத்துட்டு வா."

"வேண்டாம் யெல்மர். விட்டுடு."

வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். சுற்றி இருந்தவர்கள் சீட்டியடித்தார்கள்.

எங்கள் சைக்கிள் பந்தயங்களில் இது பழைய மரியாதை. பாதை ஒருவனுடைய ஊர் வழியாகப் போனால், மொத்தக் கூட்டமும் வேகத்தைக் குறைத்து அவனை இரண்டு நிமிடம் முன்னால் அனுப்பும். அவன் தன் வீட்டு வாசலில் இறங்கி, கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் வரும் கூட்டத்தோடு மறுபடி சேர்ந்துகொள்வான். அதுவரை யாரும் முந்தப் பார்க்க மாட்டார்கள். எழுதிய விதியை மீறினால் அபராதத்தோடு போகும். இதை மீறினவனை எவனும் மனிதனாகவே மதிக்க மாட்டான்.

ஏற்பாடு என்னுடையது. காலையிலேயே எல்லா அணித் தலைவர்களிடமும் போய்க் கேட்டேன். கிரைன் பதினொரு வருடமாக மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமந்து, மற்றவர்களுக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்துத் தேய்ந்தவன். ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. அடுத்த வருட ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. இதுவாவது அவனுக்குக் கிடைக்கட்டும் என்றேன். ஒருவர்கூட மறுக்கவில்லை.

கிரைன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு மிதித்தான். தேவாலயத்தை ஒட்டிய வளைவில் மறைந்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே மெதுவாக உருண்டோம்.

"திரும்பி வருவானா, இல்ல அங்கேயே குளிச்சுட்டுப் படுத்துருவானா?" என்று பெல்ஜியக்காரன் ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

காதில் மாட்டியிருந்த ரேடியோவில் எங்கள் மேனேஜர் ஹூப்பின் குரல் வெடித்தது.

"கிரைன் நிக்கல! வீட்டைத் தாண்டிப் போயிட்டே இருக்கான்!"

கிரைனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்.

மற்ற அணிகளின் காதுகளிலும் அதே சேதி விழுந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. எல்லைக்கோட்டுக்கு முப்பது கிலோமீட்டர்தான் மிச்சம். வீட்டுக்காகக் கொடுத்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று இதைத்தான் சொல்வார்கள்.

"நல்ல ஆளுக்குத்தான் சிபாரிசு பண்ணினே," என்று பெல்ஜியக்காரன் என் பக்கம் துப்பினான்.

முகம் எரிந்தது. பதினொரு வருடம் என்னோடு ஒரே அறையில் படுத்தவன். என் வாக்கை நம்பி நூற்றைம்பது பேர் வேகத்தைக் குறைத்திருந்தார்கள்.

கூட்டம் ஊருக்குள் பாய்ந்தது.

சாலையில் அவன் பெயரை வெள்ளைச் சாயத்தால் எழுதியிருந்தார்கள். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் மிதித்தார்கள். நான் மட்டும் இடப்பக்கம் பார்த்தேன். அந்தப் பச்சைக் கதவு எனக்குத் தெரியும். அவன் கல்யாணத்துக்கு மறுநாள் அங்கேதான் காபி குடித்தேன்.

தெருவின் இரு பக்கமும் ஊரே திரண்டு நின்றது. அந்த வாசலில் மட்டும் பத்தடிக்கு ஆள் இல்லை. தெரிந்தேதான் விலகி நின்றிருந்தார்கள்.

ஜன்னலில் அவன் மனைவி லீஸ்பெத் வைத்திருந்த இரண்டு பூந்தொட்டிகளும் இல்லை. மேசை இல்லை. விளக்கு இல்லை. வெற்று அறையைத் தாண்டிப் பின்தோட்டம்வரை தெரிந்தது. கதவருகே வீடு விற்பனைக்கு என்ற பலகை. அதன் குறுக்கே 'விற்றாயிற்று' என்று ஒட்டியிருந்த பட்டைகூட மழையில் வெளுத்திருந்தது.

தினமும் சாப்பிட்டதும் கிரைன் போனை எடுத்துக்கொண்டு ஓட்டல் தாழ்வாரத்துக்குப் போவான். பத்து நிமிடம் கழித்து வந்து, "லீஸ்பெத் உன்னைக் கேட்டதாச் சொன்னா," என்பான்.

நேற்றும் சொன்னான்.

ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது, கடல் தடுப்புக் கரையின் மேல் அவனைப் பிடித்தோம். குறுக்குக் காற்றில் சைக்கிள் தள்ளாடியது. கடந்து போன ஒவ்வொருவனும் ஒரு வசவை வீசிவிட்டுப் போனான். ஒருவனும் காற்றை மறைத்துக் கொடுக்கவில்லை. இனி எந்தப் பந்தயத்திலும் கொடுக்க மாட்டார்கள். எங்கள் நாட்டுக் காற்றில் அது இல்லாமல் யாரும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

நான் அவன் பக்கத்தில் வந்தேன்.

வீடு காலி, அவள் போய்விட்டாள், அவனை விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே நிமிடத்தில் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். பாவம் என்பார்கள். பெயர் தப்பும், பிழைப்பும் தப்பும்.

கிரைன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், சொல்லாதே என்று தலையை அசைத்தான். இந்த முறை அதை வெட்கம் என்று நான் நினைக்கவில்லை.

முன்னால் போன பெல்ஜியக்காரன், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று திரும்பிப் பார்த்தான்.

"திருட்டுப் பயலே!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்.

கிரைன் கண்களை ஒருமுறை மூடித் திறந்தான். நன்றி சொல்கிறான் என்று புரிந்தது.

அவன் முதுகில் கைவைத்துக் கொஞ்ச தூரமாவது தள்ளிவிட நினைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.