முப்பத்தெட்டாவது ஆள்

மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க இயற்பியலில் முதல் தரம் வேண்டும். அது வகுப்பில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான்; பின்னம் வந்தால் கிட்டிய முழு எண். கொரியாவின் தேகு நகரில் உள்ள எங்கள் பள்ளி வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தால் அது இருவருக்கு. ஒருவர் குறைந்தாலும் ஒருவருக்குத்தான். கடைசி மதிப்பெண் வாங்கும் பியோங்ஹோ வேறு பள்ளிக்குப் போகப் பையைக் கட்டுகிறான். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. எப்போதும் முதல் இரண்டு இடம் பிடிக்கும் யேவோனும் சுல்கியும் அவன் மேசையருகே நிற்கிறார்கள். "பரீட்சை முடியிற வரைக்கும் இருடா. வந்து தூங்கினாக்கூடப் போதும்," என்று சுல்கி அவன் கையில் சாக்லேட்டைத் திணிக்கிறாள். "வருஷம் பூரா நீங்க எங்கிட்ட பேசல. இன்னிக்கு சாக்லேட்டா?" சிரித்தபடி ஜிப்பை இழுத்து மூடுகிறான், போய்விடுகிறான். தோழிகள் இடத்துக்குத் திரும்புகிறார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய குறிப்பேடு நடுவில் விரிந்து கிடக்கிறது. யேவோன் அதை மெல்லத் தன் பக்கம் இழுக்கிறாள். அது நகரவில்லை. மறுபக்கத்தில் சுல்கியின் உள்ளங்கை ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது.