கதவு தட்டும் காட்சி

மில்லில் இரவுக் காவல் முடிந்து சகாயம் வீடு திரும்ப ஏழு மணியாகும். எட்டு மணிக்கு ரெஜினா தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதில் ஒரு படம் பார்க்கலாம் என்று ஆரம்பித்துப் பதினேழு நாளாகிறது. படத்தில் ஒருத்தி வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரோ வந்து மூன்று முறை கதவைத் தட்டுகிறார்கள். அவள் தாழ்ப்பாளில் கை வைப்பதற்குள் சகாயம் குறட்டை விட்டிருப்பான். ரெஜினா படத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவாள். மறுநாள், "ஒண்ணும் ஞாபகம் இல்ல, முதல்லேருந்து போடு" என்பான். அவனை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்க்க அவளுக்கு மனசு வந்ததில்லை.

ராத்திரியில் அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவன் வாங்கிவந்த நாய்க்குட்டி, முதல் சில நாள் அந்தத் தட்டலுக்கு வாசல்வரை ஓடிக் குரைத்தது. பிறகு காதை மட்டும் தூக்கியது. இப்போது அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சகாயம் போன் செய்தான்.

"மாத்து ஆள் வரல. சாயங்காலம்தான் வருவேன். மீதிப் படத்த நீயாவது பாத்துடு."

ரெஜினா சோற்றை வடித்துவிட்டு, படத்தை முதலிலிருந்தே போட்டு உட்கார்ந்தாள். மூன்று தட்டல் கேட்டது. நாய்க்குட்டி புரண்டு படுத்தது. படத்திலிருந்தவள் தாழ்ப்பாளில் கை வைத்ததும், பழக்கதோஷத்தில் ரெஜினா படத்தை நிறுத்தினாள்.

படம் நின்றது. தட்டல் நிற்கவில்லை.

"யாருன்னு போய்ப் பாரு" என்றாள் நாய்க்குட்டியிடம். அது கண்ணைத் திறக்கவில்லை. அவளுக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.